கீலும் இறகும்: மருந்தடிக்கும் ட்ரோன் பழுதானால் யார் பொறுப்பு?

மடக்கி வைக்கக்கூடிய எந்தப் பொருளிலும் பழுது முதலில் தலைகாட்டும் இடம் அதன் கீல், அதாவது இரண்டு பாகங்கள் இணைந்து மடங்கும் மூட்டு. குடைக்கும் மடக்குக் கட்டிலுக்கும் பொருந்தும் இந்த உண்மை வானில் பறக்கும் இயந்திரங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. கிளைடர் என்பது மேலெழும் காற்றோட்டத்தைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் துணையின்றிப் பறக்கும் விமானம். அதில் ஒரு வகை, தரையிலிருந்து எழும்புவதற்காக மட்டும் ஓர் எஞ்சினையும் விசிறியையும் உடன்கொண்டு சென்று, வேண்டிய உயரத்தை எட்டியதும் அவற்றை நிறுத்தி, விமானியின் இருக்கைக்குப் பின்னாலுள்ள பெட்டிக்குள் மடக்கிக்கொள்ளும். விசிறி நேராக நின்றால்தான் பெட்டிக்குள் அடங்கும் என்பதும், வெளியே நீட்டிய எஞ்சின் ஓட மறுத்தால் அது காற்றுக்குத் தடையாகி விமானத்தை வேகமாகக் கீழே இறக்கிவிடும் என்பதும் அதன் இயல்பு. ஆகவே இறங்கத் தகுந்த ஒரு வெட்டவெளியைக் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வைத்துக்கொள்ளாமல் எஞ்சினை வெளியே எடுப்பதில்லை என்பது அவ்விமானிகளிடையே எழுதாச் சட்டமாக இருந்துவருகிறது.

இந்தியாவில் கிளைடர் பறப்பு புனே நகரத்து ஹடப்சர் போன்ற விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களோடு நின்றுவிட்டது. ஆனால் அதே கீலும், அதே பூட்டும், அதே மடங்கும் இறகும் கொண்ட வேறொரு பறக்கும் இயந்திரம் இன்று நெல் வயல்களுக்கு மேல் ஆள் உயரத்தில் பறக்கிறது. பயிருக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன், லோடு ஆட்டோவின் பின்புறத்திலோ காரின் டிக்கியிலோ ஏற்றிச் செல்வதற்காகக் கைகளும் இறகுகளும் மடங்கும்படி செய்யப்படுகிறது. ஒரு நாளில் பத்துப் பதினைந்து வயல்களில் விரித்தும் மடக்கியும் வேலை வாங்கப்படும் அந்த இயந்திரத்தில் எங்கே பழுது வரும், வந்தால் யாருக்கு என்ன ஆபத்து, இழப்புக்கு யாரிடம் போவது ஆகிய மூன்றையும் தென்காசி மாவட்டத்தின் கீழப்பாவூர் வட்டாரத்தை முன்னிறுத்திப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு.

அந்தக் காரணம் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்கோட்டைக் கணவாய் வழியே ஜூன் முதல் செப்டம்பர் வரை புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்திற்குச் சாரலையும், சுரண்டை தொடங்கிக் கயத்தாறு வரையுள்ள காற்றாலைகளுக்கு வேலையையும் தருகிறது. சிற்றாற்றுப் பாசனத்தையும் குளங்களையும் நம்பியிருக்கும் இப்பகுதியின் கார் சாகுபடி நடப்பதும் சரியாக அதே மாதங்களில்தான். பயிருக்கு மருந்து தேவைப்படும் காலமும் ட்ரோன் பறக்க ஒவ்வாத காலமும் ஒன்றாக அமைந்துவிட்ட ஊர்களில், சற்றே தளர்ந்த ஒரு திருகு செய்யும் கேடு, காற்றில்லாத சமவெளியில் செய்வதைவிடப் பெரிதாக இருக்கும். பிசானத்தில், அதாவது ஐப்பசியை ஒட்டித் தொடங்கும் அடுத்த நெல் பருவத்தில், காற்று தணிந்துவிடுவதால் இந்தச் சிக்கல் பெருமளவு குறைந்துவிடும்.

பழுது தங்கும் இடங்கள்

இந்தியாவில் பரவலாகப் புழங்கும் 10 லிட்டர் ட்ரோன் நான்கு அல்லது ஆறு கைகளை உடையது. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு மோட்டாரும், அதன் தலையில் இரண்டு இறகுகளைக் கொண்ட ஒரு விசிறியும் இருக்கும். கைகளை விரித்தபின் அவற்றை அசையாமல் பிடித்துக்கொள்வது திருகு வளையம் அல்லது கவ்விப் பூட்டு. நான்கு கை இயந்திரத்தில் ஒரு விசிறி நின்றாலே இயந்திரம் கவிழ்ந்து விழும் என்பதும், ஆறு கை இயந்திரம் ஒரு விசிறியை இழந்தபின் தாங்குமா என்பது அப்போது மருந்துத் தொட்டியில் மிச்சமிருக்கும் எடையைப் பொறுத்தது என்பதும் வாங்குபவர் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. விற்பனைக்கு வரும் முகவர்கள் இதைத் தாமாகச் சொல்வது அரிது.

கைப்பூட்டில் ஏற்படும் தளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். விரித்துப் பூட்டிய கையின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தும், ஈரத் துணியைப் பிழிவதுபோல் மெல்ல முறுக்கியும் பார்க்கும்போது அணுவளவு ஆட்டம் தென்பட்டாலும் அந்தப் பூட்டைச் சரிசெய்யாமல் மேலேற்றக் கூடாது. கை சிறிது முறுகி நின்றால் விசிறியின் உந்துதல் செங்குத்தாகக் கீழே போகாமல் பக்கவாட்டில் சாயும். அந்தச் சாய்வு இயந்திரத்தை ஒரு பக்கமாகத் திருப்ப முயல, அதை ஈடுகட்ட எதிர்த்திசையில் திருப்பும் மோட்டார்கள் ஓயாமல் கூடுதலாக உழைக்கும். தரையிறங்கி, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு, எல்லா மோட்டார்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால் இது புலப்படும். ஒன்று மட்டும் சுட்டால் பழுது அந்த மோட்டாரிலோ, அதன் தாங்கியிலோ, அதன் விசிறியிலோ இருக்கிறது. நான்கு கை இயந்திரத்தில் மூலைக்கு மூலை எதிரெதிராக உள்ள இரண்டும் சேர்ந்து சுட்டால், ஒரே திசையில் சுழலும் அந்த இணை கூடுதலாக உழைத்திருக்கிறது என்று பொருள்; ஏதோ ஒரு கை முறுகியிருப்பதே பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும். மோட்டாரைக் குறைகூறி அதை மாற்றிவிட்டு, முறுகிய கையை அப்படியே விட்டுவிடுவதால் புதிய மோட்டாரும் சில வாரங்களில் சூடேறத் தொடங்குவது வழக்கமான கதை.

மடங்கும் இறகின் சிக்கல் வேறு வகையைச் சேர்ந்தது. இறகுகள் விசிறி மையத்தில் ஆளுக்கொரு போல்ட்டில் தொங்குகின்றன. அவற்றுக்கிடையில் வழுவழுப்பான மெல்லிய வாஷர்கள் உண்டு. மோட்டார் சுழலத் தொடங்கியதும் மையவிலக்கு விசை, அதாவது சுழலும் பொருளை வெளிப்புறமாகத் தள்ளும் விசை, இறகுகளை நேராக நீட்டிவிடும். போல்ட் அளவுக்கு மீறி இறுகியிருந்தால் இறகு முழுவதும் நீளாமல் கோணலாக நிற்கும். தளர்ந்திருந்தால் போல்ட் துளை நாளடைவில் நீள்வட்டமாகத் தேயும். ஒரு பக்கம் இறுகி மறு பக்கம் தளர்ந்திருந்தால் எடைச் சமன் குலைந்து இயந்திரம் முழுவதும் அதிரும். விரலால் தள்ளினால் நகர வேண்டும், தன் எடையால் தானே தொங்கிவிடக் கூடாது என்பதே சரியான இறுக்கத்திற்கு நடைமுறையில் உள்ள அளவுகோல். சரியாக முறுக்கிய போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்து வைத்தால், அடுத்த நாள் அந்தக் கோடு முறிந்து தெரிகிறதா என்று பார்த்தே போல்ட் நகர்ந்ததைக் கண்டுகொள்ளலாம். விமானப் பணிமனைகளில் வண்ண மசியால் செய்யப்படும் இந்த வேலைக்கு ஒரு சிறு நகப்பூச்சு குப்பி போதுமானது.

பூச்சிமருந்து இந்தக் கீலுக்குத் தனிப் பகை. தண்ணீரில் கரைக்கும் தூள் வகை மருந்துகள் காய்ந்தபின் வெள்ளைப் பொருக்காக வாஷர்களுக்கிடையில் படிந்து, காலையில் சரியாக நகர்ந்த இறகை மாலையில் பிடித்து நிறுத்திவிடும். ஈரத் துணியால் துடைத்து எடுப்பதே இதற்கு வழி. வண்டி கழுவும் அழுத்தக் குழாயைக் காட்டினால் பொருக்கு போவதோடு மோட்டார் தாங்கிக்குள் தண்ணீரும் போகும். வரப்பில் உரசிய இறகின் ஓரத்தில் பஞ்சை ஓட்டிப் பார்த்து, இழை சிக்கும் இடத்தில் மயிரிழை வெடிப்பு உண்டு என்று அறிந்து, அந்த இறகை மட்டுமன்றி அதன் இணையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எடை ஒத்துப்போகாத புதிய இறகும் பழைய இறகும் ஒரே மையத்தில் சுழன்றால் அதிர்வு தீராது.

விசிறியின் மேல் பழி விழுந்தாலும் உண்மையில் வேறெங்கோ இருக்கும் பழுதுகள் இரண்டு. ஒன்று பேட்டரியின் தளர்ச்சி. முழுவதும் ஏற்றிய லித்தியம் பேட்டரியின் ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 4.2 வோல்ட் காட்டும். வயதான பேட்டரியில் ஓர் அறை மட்டும் சுமை ஏறியதும் சட்டென்று சரிந்து, மோட்டார் திணறுவது போன்ற தோற்றத்தைத் தரும். உப்பிய பேட்டரியை ஏற்றுவதும், வயலிலிருந்து சூடாக வந்ததை ஆறவிடாமல் ஏற்றுவதும், இரவு முழுவதும் வீட்டுக்குள் ஏற்ற விட்டு உறங்குவதும் தீவிபத்துக்கு நேர்வழி. மற்றொன்று திசைகாட்டியின் மயக்கம். மின்மாற்றி, பம்ப்செட் அறை, டிராக்டர் போன்ற இரும்பும் மின்னோட்டமும் உள்ள இடங்களின் அருகிலிருந்து ஏற்றினால், நடுவானில் நிற்க வேண்டிய ட்ரோன் வட்டமடிக்கத் தொடங்கும். மோட்டார் அறைக்குப் பக்கத்துக் களத்திலிருந்து ஏற்றும் பழக்கம் இங்குள்ள தோட்டங்களில் இயல்பானது என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பறக்கும்போதே ஒலி மாறினாலோ, ஒரு கை அதிர்வது தெரிந்தாலோ, செய்ய வேண்டியது கிளைடர் விமானிகளின் எழுதாச் சட்டம்தான்: அருகிலுள்ள ஆளில்லாத வெளியில் உடனே இறக்குவது. பெரும்பாலானோர் பதற்றத்தில் அழுத்துவது, புறப்பட்ட இடத்திற்குத் தானே திரும்பச் செய்யும் பொத்தானை. அது இயந்திரத்தை முதலில் முன்பே குறித்த உயரத்திற்கு ஏற்றி, பிறகு நேர்க்கோட்டில் கொண்டுவருவதால், நோய்ப்பட்ட மோட்டாருக்கு உச்ச சுமையைத் தருவதோடு, வழியிலுள்ள சாலைக்கும் தென்னைக்கும் மின்கம்பிக்கும் மேலாகவும் அதை ஓட்டி வரும். பயிர் நசுங்குவதைப் பொருட்படுத்தாமல் வயலுக்குள்ளேயே இறக்குவது மலிவானது.

அடுத்த வயலுக்கும் உரிமை உண்டு

கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு ஏறத்தாழ 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்கும் மருந்து, ட்ரோனில் 10 லிட்டர் தண்ணீருக்குள் அடங்கிவிடுவதால், அந்தக் கரைசலின் செறிவு பல மடங்கு கூடியது. சீராகப் பறக்கும்வரை பயிருக்கு இதனால் கேடில்லை. விசிறிப் பழுதால் ஓரிடத்தில் தடுமாறி நின்றபடியே தெளித்துவிட்டால், அந்த வட்டத்திலுள்ள இலைகள் கருகும். காற்றில் அடித்துச் செல்லப்பட்டால் அடுத்த வயலின் கத்தரியோ, அதற்கடுத்த குளத்து மீனோ பாதிக்கப்படும். பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகும் காய்கறிகள் நெல் வயல்களுக்கு ஒட்டினாற்போல் விளையும் பகுதி இது. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி பூக்கும் ஆடி மாதத்தில் தேனீக்கள் பகல் முழுவதும் வயலில் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், நெல் வயலுக்கு அடித்த மருந்து நெல் வயலிலேயே நிற்க வேண்டும் என்று கேட்பது அண்டை வயல்காரரின் நியாயமான உரிமையாகிறது.

அந்த உரிமைக்கு அரைநூற்றாண்டு வயதுடைய சட்ட ஆதாரம் இருக்கிறது. வயலுக்கு மேல் ட்ரோன் பறக்காத நாளில் இயற்றப்பட்ட 1971ஆம் ஆண்டுப் பூச்சிமருந்து விதிகளின் 43ஆம் விதி, வானிலிருந்து மருந்து தெளிப்பதற்குப் பல நிபந்தனைகளை விதிக்கிறது. தெளிக்கும் பரப்பை எல்லை குறித்துக் காட்ட வேண்டும்; ஒப்புதல் பெற்ற மருந்தை ஒப்புதல் பெற்ற செறிவிலும் உயரத்திலும் மட்டுமே தெளிக்க வேண்டும்; குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன்னதாக உரிய அலுவலர் வழியாகப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும்; தொடர்பில்லாத மனிதரும் கால்நடையும் குறித்த காலம்வரை அங்கே நுழையாமல் தடுக்க வேண்டும்; கழுவிக்கொள்ளும் வசதியும் முதலுதவியும் இருக்க வேண்டும். ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் ட்ரோனுக்கென்று வெளியிட்ட செயல்முறை வழிகாட்டியும் இந்த அடித்தளத்தின் மேல் எழுந்ததே. தண்டோரா போடும் வழக்கம் மறைந்து வாட்ஸ்அப் குழு வந்துவிட்ட ஊரில் முதல் நாளே ஒரு செய்தி அனுப்புவது கடினமான காரியமன்று. அனுப்புவதற்கு யாருக்கும் தோன்றுவதில்லை என்பதே குறை.

மருந்துக் குப்பியிலுள்ள சாய்சதுரத்தில் சிவப்பு கடும் நஞ்சையும், மஞ்சள் அதற்கடுத்ததையும், நீலம் நடுத்தரத்தையும், பச்சை குறைந்த நஞ்சையும் குறிக்கும். விழுந்த ட்ரோனின் தொட்டி உடைந்து ஒருவர் மேல் பட்டாலோ, காற்றில் வந்ததை மூச்சில் இழுத்து ஒருவருக்கு மயக்கம் வந்தாலோ, 108 வண்டியில் நோயாளியோடு அந்தக் குப்பியும் போக வேண்டும். முறிவு மருந்து எதுவென்பது அதன் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும்.

தாள்களில் இருப்பதும் இருக்க வேண்டியதும்

இந்தியாவில் ட்ரோன்களை ஆள்வது 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள். 250 கிராமுக்கு உட்பட்டது நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது என்று அவை எடையால் பிரிக்கின்றன. மருந்து நிரம்பிய 10 லிட்டர் ட்ரோனின் எடை 25 கிலோவுக்குள் நிற்கும்படி அமைக்கப்படுவதன் காரணம் இந்தப் பிரிவினைதான். இவ்வகை இயந்திரத்திற்கு மூன்று தாள்கள் வேண்டும். அந்த மாதிரி பாதுகாப்பானது என்று சோதித்து விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வழங்கும் வகைச் சான்றிதழ் ஒன்று. வண்டிக்கு நம்பர் பிளேட் போல ஒவ்வோர் இயந்திரத்திற்கும் தரப்படும் தனி அடையாள எண் மற்றொன்று. இயக்குபவர் பயிற்சி முடித்துப் பெறும், 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் தொலை விமானி சான்றிதழ் மூன்றாவது. இயக்குபவர் 18 வயது நிரம்பியவராகவும் பத்தாம் வகுப்பு தேறியவராகவும் இருக்க வேண்டும். அண்ணன் பெயரில் சான்றிதழும் தம்பி கையில் ரிமோட்டுமாக நடக்கும் வேலை, விபத்து நிகழும் நாள்வரை யாருக்கும் தெரியாது. விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதே அதைத்தான்.

நானோவைத் தவிர்த்த ட்ரோன்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு, அதாவது இயந்திரத்தின் உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் அல்லாத வெளியாருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு, கட்டாயம். இவ்வகையில் மோட்டார் வாகனச் சட்டத்தின் விதிமுறைகளே, வேண்டிய மாற்றங்களோடு, ட்ரோனுக்கும் பொருந்தும் என்று ட்ரோன் விதிகள் கூறுகின்றன. வரப்பில் நின்ற ஒருவரின் கையை இறகு வெட்டிவிட்டால், பேருந்து மோதியவருக்கு உள்ளதை ஒத்த இழப்பீட்டு உரிமை அவருக்கும் உண்டு என்பது இதன் பொருள். இந்தக் காப்பீடு ட்ரோன் உடைந்ததற்குப் பணம் தராது. அதற்கு முழுமைக் காப்பீடு தனியாக வேண்டும். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்திற்குள் இயக்குநரகத்தின் இணையத்தளம் வழியாகத் தெரிவிக்க வேண்டியது இயக்குபவரின் கடமை. அந்தக் கடமையை நிறைவேற்றிய பதிவே பின்னாளில் அவருக்குச் சாட்சியாகவும் நிற்கும் என்பதால், மறைப்பதில் இலாபம் ஒன்றுமில்லை.

அரசு உதவியோடு இயந்திரம் வாங்குவோருக்குச் சில உரிமைகள் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்க 1,261 கோடி ரூபாயில் ஒன்றிய அரசு 2023இல் ஒப்புதல் அளித்த நமோ ட்ரோன் தீதி திட்டத்தில், விலையில் 80 விழுக்காடு, அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய், மானியமாகக் கிடைக்கிறது. அதன் வழிகாட்டு நெறிமுறையின்படி குழுவுக்கு வர வேண்டியது ட்ரோன் மட்டுமன்று: நான்கு கூடுதல் பேட்டரித் தொகுதிகள், மாற்று இறகுத் தொகுதி, நாசில் தொகுதி, காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுமானி, தண்ணீரின் கார அமிலத் தன்மையை அளக்கும் பிஎச் மானி, ஓராண்டுக்கு வயலுக்கே வந்து சரிசெய்யும் உத்தரவாதம், ஓராண்டு முழுமைக் காப்பீடு, இரண்டாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஆகிய அனைத்தும் அந்தத் தொகுப்பில் அடங்கும். பெட்டியைத் திறக்கும் நாளில் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, இல்லாததைக் குறிப்பிட்டே ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திட வேண்டும். கையடக்கக் காற்றுமானி மற்ற மாவட்டத்தில் அலங்காரப் பொருளாக இருக்கலாம். ஆடிக் காற்றடிக்கும் தென்காசியில் நொடிக்கு 3 மீட்டரைத் தாண்டினால் தெளிப்பதை நிறுத்து என்று சொல்லும் அந்தச் சிறு கருவி, கூடுதல் பேட்டரியைவிட அதிகமாகப் பணத்தை மிச்சம் பிடித்துத் தரும்.

முறையீட்டின் வழி

வாங்கிய இயந்திரத்தின் கைப்பூட்டு தயாரிப்பிலேயே குறையுடையது என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதைப் பொருளின் குறைபாடாகவும், அக்குறையால் விளைந்த தீங்கைப் பொருள்சார் பொறுப்பாகவும் கொள்கிறது. பொருள்சார் பொறுப்பு என்பது, குறையுள்ள பொருளால் ஒருவருக்கு நேர்ந்த தீங்குக்குத் தயாரித்தவர், விற்றவர், பழுதுபார்க்கும் சேவை தந்தவர் ஆகியோரை ஈடுசெய்ய வைக்கும் ஏற்பாடு. ஆனால் பொருளைத் தவறாகப் பயன்படுத்தினாலோ மாற்றியமைத்தாலோ அந்தப் பொறுப்பிலிருந்து எதிர்த்தரப்பு விலகிக்கொள்ள அதே சட்டம் இடமளிக்கிறது. அவசரத்துக்கு ஹார்டுவேர் கடையில் வாங்கி மாட்டிய ஒரு போல்ட், பல லட்ச ரூபாய் வழக்கைத் தள்ளுபடி செய்ய வைக்கும் போல்ட்டாக மாறுவது இப்படித்தான். பருவம் கைநழுவும் அவசரத்தில் வேறு வழியில்லாமல் அப்படிச் செய்ய நேர்ந்தால், அசல் பாகம் கேட்டு எழுதிய கடிதத்தின் தேதியும், அதற்கு வராத பதிலும் கையில் இருக்க வேண்டும்.

நுகர்வோர் என்ற சொல்லில் ஒரு சிடுக்கு உண்டு. வணிக நோக்கத்திற்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்பது சட்டத்தின் பொது விதி. ட்ரோனை வாடகைக்கு ஓட்டுபவரை எதிர்த்தரப்பு வணிகர் என்றே சொல்லும். ஆயினும் சுயதொழிலின் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கமாகாது என்று அதே வரையறையின் விளக்கம் கூறுவதால், தாமே இயக்கிப் பிழைக்கும் இளைஞரும் குழுப் பெண்களும் தங்கள் மனுவின் முதல் பத்தியிலேயே அதை வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். விவசாயியைப் பொறுத்தவரை இந்த ஐயத்துக்கே இடமில்லை. விதை வாங்கிய விவசாயி நுகர்வோரே என்று தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாக்கியிருக்கிறது. கூலி கொடுத்துத் தெளிக்கச் சொன்ன வயலின் பயிர் கருகினால் அது சேவைக் குறைபாடு. பில் தரும் வழக்கம் இல்லாத இத்தொழிலில், செல்போன் வழியாகக் கூலி அனுப்பிய பதிவே சேவையை விலைகொடுத்துப் பெற்றதற்குச் சான்றாகும். கருகிய பயிரை அறுத்துவிடுவதற்கு முன்பே கீழப்பாவூர் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, வயலை நேரில் பார்த்து எழுதிய அறிக்கையைப் பெற்றுவிட்டால் வழக்கில் பாதி முடிந்த மாதிரி.

கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குகள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்குரியவை. 5 லட்சம் வரை கட்டணமில்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். கம்பெனி சென்னையிலோ வேறு மாநிலத்திலோ இருந்தாலும், மனுதாரர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே மனுவைக் கொடுக்கலாம். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கால வரம்பு, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். "அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறோம்" என்ற தொலைபேசி வாக்குறுதிகளில் அந்த இரண்டாண்டு கரைந்துபோவதுதான் பலருடைய வழக்குக்கும் நேர்கிற முடிவு. மனு கொடுக்குமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால் பேச்சிலேயே தீர்வதும் உண்டு.

ட்ரோனுக்கோ தெளிப்புக்கோ விலை கொடுக்காத மூன்றாமவர், அதாவது காயம்பட்ட வழிப்போக்கரும் பயிர் கருகிய அண்டை வயல்காரரும், நுகர்வோர் ஆணையத்தை நாட முடியாது. காயத்துக்குக் காவல் நிலையப் புகாரும் மேற்சொன்ன மூன்றாம் தரப்புக் காப்பீடும்; பயிருக்கு அதே காப்பீடோ உரிமையியல் நீதிமன்றமோ. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரை 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் உறுதி செய்கிறது. 15100 என்ற எண் அதற்கானது.

வழக்கு எந்த மன்றத்துக்குப் போனாலும் அங்கே பேசப்போவது இரண்டு சாட்சிகள். ஒன்று ட்ரோனின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் தானாகப் பதியும் பறப்புப் பதிவு: எந்த நொடியில் எந்த மோட்டாருக்கு எவ்வளவு வேகம் கேட்கப்பட்டது, அதிர்வு எவ்வளவு, பேட்டரி அழுத்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஒப்படைக்கும் முன் அதன் ஒரு நகலைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளாவிட்டால், திரும்பி வரும் இயந்திரத்தில் அந்தப் பதிவு இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. மற்றொன்று உடைந்த பாகமே. குறையைக் கண்ணால் காண முடியாதபோது பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்திற்கு அதிகாரம் இருக்கிறது. முறிந்த பூட்டின் உலோகம் வெடித்து முறிந்ததா, முறுக்கப்பட்டு முறிந்ததா என்பதை முறிவின் முகமே காட்டும். மாற்றுப் பாகம் பொருத்த வரும் பழுதுநர் பழையதைப் பையில் போட்டுக்கொண்டு போவது வழக்கம் என்பதால், பழைய பூட்டும் போல்ட்டும் இறகும் உரிமையாளரிடமே இருக்கட்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லி, அவற்றை உரசாமல், ஒட்டிப் பார்க்காமல், தேதி எழுதிய உறையில் கட்டி, மருந்து படிந்தவை ஆதலால் பிள்ளைகளின் கைக்கு எட்டாத பரணில் வைக்க வேண்டும்.